ஜீப்பின் தோள்

பழைய ஜீப்பின் அழகு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் முன்பக்கக் கிரில்லைக் காட்டுவார்கள். நான் மட்கார்டைக் காட்டுவேன். அதுதான் ஜீப்பின் தோள். தோள் நிமிர்ந்திருந்தால் வண்டிக்கே ஒரு மிடுக்கு வந்துவிடும். தொங்கினால் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் வண்டி களைத்துத்தான் தெரியும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இந்த ரசனைக்கு ஒரு காரணம் உண்டு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும்போது மட்கார்டு அலங்காரமாக மட்டும் இருந்தால் போதாது. மழைக்காலச் சேற்றையும் சக்கரம் வாரி எறியும் ஜல்லியையும் அது தடுத்தாக வேண்டும். வேலையும் அழகும் ஒரே தகட்டில் சேர்ந்து நிற்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஜீப் மட்கார்டில் இரண்டு மரபுகள். 1941-இல் போருக்காக வந்த வில்லிஸ் எம்.பி.யின் மட்கார்டு மேலே தட்டை. பின்னால் சாய்ந்து இறங்கி பாடியோடு சேரும். 1949-இல் மஹிந்திரா நிறுவனம் பிரித்து அனுப்பப்பட்ட வில்லிஸ் பாகங்களை பம்பாயில் பூட்டி ஜீப்பாக்கத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே. 3பி மாடலில் உயரமான எஞ்சினுக்காக பானெட் மேலேறியது. மட்கார்டு தட்டையாகவே நின்றது. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் வந்த சி.ஜே. 5 அதை வளைத்து உருட்டியது. ஜீப் பிரியர்கள் இன்றும் தட்டை, உருண்டை என்று இரு கட்சி.

ஸ்போர்ட்ஸ் கார் உலகிலும் இதே வழக்கு நடக்கிறது. இங்கிலாந்தில் 1957-இல் வந்த லோட்டஸ் செவன், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய கார். அதற்கும் இரண்டு வகை மட்கார்டு உண்டு. ஒன்று சைக்கிள் மட்கார்டுபோல் சக்கரத்தை ஒட்டி, ஸ்டீயரிங் திரும்பும்போது கூடவே திரும்பும். மற்றது நீண்டு அகன்று பாடியோடு இணைந்துவிடும். முதலாவது எடை குறைவு. ஆனால் சேறு ஓட்டுபவர் முழங்கைவரை வரும். இரண்டாவது சேற்றைத் தடுக்கும். வேகம் கூடினால் அடியில் காற்று சேர்ந்து முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவது அங்கே சாதாரணம். பழைய ஓட்டைகளை அடைப்பதும் விளக்கை இடம் மாற்றுவதும்தான் பாதி வேலை.

நம் டிங்கர் பட்டறையில் இந்தக் கலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். நல்ல டிங்கர் முதலில் தகட்டைத் தொடமாட்டார். அட்டையில் வெட்டி, சக்கரத்தின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி பானெட்டின் கோட்டோடு சேர்கிறதா என்று பார்ப்பார். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து, டயர் எங்கே உரசும் என்று அளப்பார். ஸ்பிரிங் பட்டா அமுங்கும்போது சக்கரம் எவ்வளவு மேலே வரும் என்பதும் கணக்கில் வரும். பிறகுதான் வெட்டு, மடிப்பு, டாலி என்ற இரும்புக் கட்டியை அடியில் கொடுத்துச் சுத்தியால் தட்டு. ஓரத்தில் கம்பி வைத்துத் தகட்டைச் சுருட்டுவது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். அந்தச் சுருட்டுதான் மெல்லிய தகட்டுக்கு முதுகெலும்பு. மலைப்பாதை அதிர்விலும் அது ஆடாது. வெல்டிங் சூட்டில் தகடு நெளியும் என்பதால் இடம்விட்டு இடம் புள்ளிபோல் பற்றவைத்து, ஆறவிட்டுத் தொடர்வார். பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் பீடிங். இண்டிகேட்டருக்கு எர்த் கிடைக்கும் இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டிவிடுவார். இல்லாவிட்டால் புது மட்கார்டில் விளக்கு எரியாது.

இவ்வளவு செய்தவருக்குப் பட்டி அதிகம் தேவைப்படாது. பட்டி தடிமனாக இருந்தால் சுத்தி செய்ய வேண்டிய வேலையைப் பட்டி செய்திருக்கிறது என்று பொருள். ஒரு மழைக்காலம் மலையேறி இறங்கினால் அது வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரெடிமேட் பாகங்களும் கிடைக்கின்றன. ஹரியானாவின் மண்டி டப்வாலி இதற்கே பேர்போன ஊர். ஃபைபர் மட்கார்டு துருப்பிடிக்காது. ஆனால் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். அகல டயர் போடுவதற்காக ஒரிஜினல் மட்கார்டை வெட்டி எறிவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. அதில் கோடும் போகிறது, காவலும் போகிறது. சட்டமும் இதில் கண்டிப்பானது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

என் தீர்ப்பு தட்டை மட்கார்டுக்கே. அதில் குறையை ஒளிக்க வளைவு இல்லை; செய்தவரின் கை அப்படியே தெரியும். பழைய ஜீப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேலே பளபளப்பைப் பார்க்கும் முன், மட்கார்டின் அடியில் கையை விட்டு ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கம்பிச் சுருட்டு முழுதாகக் கைக்குத் தட்டுப்பட்டால், அந்த மட்கார்டை மாற்றாதீர்கள். நல்ல டிங்கரிடம் கொடுத்து நிமிர்த்தி வாங்குங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.