மெழுகுவர்த்தியும் ஆலை விளக்கும்
இங்கிலாந்தின் டெர்பி நகர ஓவியர் ஜோசப் ரைட் 1765இல் காட்சிக்கு வைத்த ஓவியத்தில், மூன்று கனவான்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழைய கிரேக்க வீரன் சிலையின் சிறு நகலைப் பார்க்கிறார்கள். முறுக்கேறிய உடம்பு துலங்குகிறது. அறிவொளிக் காலத்தின் பார்வை என்று மெச்சுகிறோம். சரி.

அதே ரைட் 1780களில் ஆர்க்ரைட்டின் குரோம்ஃபோர்டு பஞ்சாலையை இரவில் வரைந்தார். வரிசையாய் ஒளிரும் ஜன்னல்கள். உள்ளே ராத்திரி ஷிஃப்டில் நூற்கிறவர் ஒருத்தர்கூடத் தெரியவில்லை. சிலையின் உடம்புக்குக் கிடைத்த வெளிச்சம் உழைக்கிற உடம்புக்கு இல்லை.

இளம்பிள்ளையிலும் கடை விளக்கில் சேலையின் ஜரிகை மின்னும். நெய்த கை தெரியாது. ஓவியத்தில் ஒளியைப் புகழ்கிற விமர்சனம், அது யார்மேல் விழவில்லை என்றும் கேட்கட்டும். அந்த இருட்டும் வரையப்பட்டதுதான்.