தந்தை செல்வாவின் காகிதங்களும் மருமகனின் புத்தகமும்

எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தை அறிய விரும்புகிறவர்களுக்கு நாம் வழமையாகக் காட்டும் நூல், அவருடைய மருமகன் பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன் ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளிவந்த அரசியல் வாழ்க்கை வரலாறு. அதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னொன்று ரொறன்ரோவில் இருக்கிறது. செல்வநாயகத்தின் கடிதங்கள், நாட்குறிப்புகள், பத்திரிகை நறுக்குகள், புகைப்படங்கள் ஆகியன ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகத்தில், காப்பகத் தொகுப்பாகப் பேணப்படுகின்றன.

வில்சனின் நூலுக்கு இரண்டு பலங்கள். அவர் அரசியல் விஞ்ஞானி. அந்த வீட்டு மனிதரும்கூட. அதன் குறையும் அங்கேதான் தொடங்குகிறது. மாமனார் மீதான மரியாதை வசனங்களுக்குள் இறங்கி, கேள்விகளின் கூர்மையைக் குறைத்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, வாழ்க்கை வரலாறு என்ற வடிவத்துக்கே உரிய சிக்கல்: எழுதுகிறவருக்கு முடிவு தெரியும். 1957 யூலையில் பண்டாரநாயக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை விவரிக்கும்போதே, 1958 ஏப்ரலில் அது கைவிடப்படப் போவது அவருக்குத் தெரியும். வாசிக்கும் நமக்கும் தெரியும். ஆகவே அந்தக் கையெழுத்தே தோல்வியின் முன்னுரை போலத் தோன்றுகிறது.

கடிதமும் நாட்குறிப்பும் அப்படியல்ல. அன்றைக்கு மனதில் இருந்த நம்பிக்கை, தயக்கம், கணக்கு எல்லாம் நாளை என்ன நடக்கும் என்று தெரியாமலே தாளில் இறங்குகின்றன. 'ஏமாற்றப்பட்டவர்' என்றும் 'மிதமிஞ்சிய மென்மைக்காரர்' என்றும் நம் வீடுகளில் அவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அவை சொத்துப்போலக் கைமாறுகின்றன. அந்தத் தீர்ப்புகளை விசாரிக்கத் தேவையானவை இத்தகைய காகிதங்களே. 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர், 1957இலும் 1965இலும் பிரதமர்களோடு உடன்பாடு செய்தவர், 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த வழியை அவர் நடந்தபடியே பார்க்க வேறு வாசல் குறைவு.

ஆனாலும் காப்பகம் முழு உண்மையைத் தந்துவிடும் என்று நம்புவதும் பிழை. குடும்பம் எதை வைத்திருந்ததோ அதுதான் பெட்டிக்குள் வரும். தவிர, கடிதத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. தலைவருக்கு வந்தது தலைவர் வீட்டில் இருக்கும்; அவர் எழுதியது பெற்றவரின் வீட்டில் இருக்கும். அந்த வீடுகளில் எத்தனை எரிந்தன, எத்தனை இடம்பெயர்வில் கைவிடப்பட்டன என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு போனதைத்தான் நாம் நினைவுகூருகிறோம். அலுமாரிகளோடு போனவற்றுக்கு நினைவுநாள் இல்லை.

எனவே தலைவரின் காகிதங்களைப் பாதுகாத்ததோடு வேலை முடியவில்லை. கிராமச் சங்கக் கணக்குப் புத்தகம், நீல ஏரோகிராம் கடிதங்கள், அகதி விண்ணப்பப் பிரதி எல்லாம் அந்த மறு முனையைச் சேர்ந்தவை. அவை இன்று நமது நிலக்கீழ் அறைகளில் கிடக்கின்றன. காப்பகத்துக்குக் கொடுப்பதா என்பதைப் பிறகு யோசிக்கலாம். படத்தின் பின்புறம் யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதிவைப்பதை மட்டும் தள்ளிப்போட முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது.