வரைபடத்தில் வராத திசை

காஸ்மிக் கதிர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறக்குறையச் சமமாகவே பூமிக்கு வருகின்றன. அவை மின்னேற்றம் கொண்ட துகள்கள். பால்வீதியின் காந்தப்புலம் அவற்றை வளைத்து வளைத்துப் புறப்பட்ட இடத்தின் தடயத்தை அழித்துவிடுகிறது. மிஞ்சும் ஏற்றத்தாழ்வு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம், காற்றுமண்டலத்தில் கதிர்கள் மோதி உருவாக்கும் துகள் பொழிவுகளில் நான்கு ஆண்டுகளில் பதிவான 370 கோடியை அலசி, வானில் இரண்டு இடங்களில் கதிர்கள் சற்றே மிகுந்து வருவதை 2024இல் அறிவித்தது. அந்த மிகுதி பத்தாயிரத்துக்கு ஆறரையும் ஐந்தும்தான்.

இந்த நுண்மை எளிதில் கிட்டுவதல்ல. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினாலே தரையை எட்டும் பொழிவுகள் ஒரு விழுக்காட்டை ஒட்டிக் குறைந்துவிடும். வெப்பமண்டலத்திலோ அழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. தேடும் குறியைவிடப் பத்து மடங்கு பெரிய இரைச்சல் இது. இதற்குக் கண்ட வழி அழகானது. பூமி சுழல்வதால், ஒரே சாய்வில் நிற்கும் கருவி 23 மணி 56 நிமிடத்தில் வானின் ஒரு வட்டப்பட்டையை முழுக்கப் பார்த்துவிடுகிறது. கருவியின் குறை அந்தப் பட்டையிலுள்ள எல்லாத் திசைகளுக்கும் பொது. ஆகவே பதிவான நேரங்களை மட்டும் கலைத்துப் போட்டு, வேறுபாடே இல்லாத வானத்தைத் தரவிலிருந்தே உருவாக்கி, உண்மைப் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். சூரியனைப் பின்தொடரும் வானிலைக் கோளாறுகளுக்கோ 24 மணிநேரச் சுழற்சி. நான்கு நிமிட வித்தியாசம் ஓராண்டில் ஒரு முழுநாளாகி, அவற்றைப் பெரிதும் கரைத்துவிடுகிறது.

ஆனால் ஒவ்வொரு பட்டையையும் அதனோடே ஒப்பிடுவதால், ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் உள்ள வேறுபாடு கணக்கிலேயே வராமல் போகிறது. வடவானத்திலிருந்து தென்வானத்தைவிட அதிகம் வந்தாலும் இந்த முறைக்குத் தெரியாது. கிழக்கு மேற்காக மட்டும் அளந்ததை இருதிசை வரைபடமாகச் சிவப்பிலும் நீலத்திலும் தீட்டும்போது, பார்ப்பவர் அதை முழு வானமாகவே எடுத்துக்கொள்கிறார். இந்த வழக்கத்தில் நான் காணும் பெருங்குறை இதுதான்.

மிலாக்ரோ, ஆர்கோ, ஹாக் ஆகிய பிற ஆய்வகங்கள் முன்பே கண்ட இடங்களையே உதகையும் கண்டதே, பிறகென்ன ஐயம் என்று கேட்கலாம். வெவ்வேறு ஊர்களின் வானிலையும் கருவிகளும் ஒரேமாதிரி பிழைபட வாய்ப்பில்லை. அந்த மிகுதிகள் மெய்யென்றே நம்புகிறேன். ஆயினும் எல்லாரும் பட்டையை அதனோடே ஒப்பிடுபவர்கள். முறைக்குள் இருக்கும் குருட்டுப்புள்ளி ஒத்த முடிவுகளால் நீங்காது. மெக்சிகோவின் ஹாக்கும் தென்துருவத்தின் ஐஸ்கியூப் ஆய்வகமும் 2019இல் தரவுகளை இணைத்து ஏறத்தாழ முழு வானத்தையும் மூடின. அப்போதும் வடக்கு தெற்குக் கூறை அளக்க முடியவில்லை. வேறுபாடு சூரியக் குடும்பத்தைச் சூழ்ந்த விண்மீனிடைக் காந்தப்புலத்தின் வழியே அமைகிறது என்ற அனுமானத்தைக் கொண்டே அதை மதிப்பிட்டார்கள்.

கருவியின் திறனைக் கணித்து நேரடியாகவே அளக்கலாமே என்பது அடுத்த மறுப்பு. அர்ஜென்டினாவின் பியேர் ஓஜே ஆய்வகம் 2017இல் அறிவித்த வேறுபாடு 6.5 விழுக்காடு, ஏறத்தாழ 32,000 பொழிவுகளே அதற்குப் போதுமாயின, வடக்கு தெற்குக் கூறும் கிடைத்தது. அங்கே ஆற்றல் பல லட்சம் மடங்கு அதிகம், குறியும் பெரிது. பத்தாயிரத்தில் சில பங்கைத் தேடும் ஆய்வகம் தன் திறனை அதைவிடத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். அந்தத் துல்லியம் இன்று யாரிடமும் இல்லை.

அந்தத் துல்லியம் கைகூடும்வரை இந்த முறையைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் இத்தகைய ஒவ்வொரு வான வரைபடத்தின் கீழும், வடக்கு தெற்கு வேறுபாடு இதில் அளக்கப்படவில்லை என்று ஒரு வரி அச்சாக வேண்டும்.