மார்கன் விதியும் விலங்குகளின் பகுத்தறிவும்

மனிதரல்லாத உயிர்கள் காரணகாரியம் அறிந்து சிந்திக்கின்றனவா என்னும் கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போதே ஒரு நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் நுழைகிறது. பிரிட்டனின் உளவியலறிஞர் கான்வி லாயிட் மார்கன், ஒப்பீட்டு உளவியலுக்கு அறிமுகமாக 1894ஆம் ஆண்டு எழுதிய நூலில் வகுத்த அந்த நிபந்தனையை ஆய்வாளர்கள் இன்றும் ‘மார்கன் விதி’ என்றே வழங்குகின்றனர். விலங்கின் ஒரு செயலைத் தாழ்நிலை உளச்செயலைக் கொண்டே விளக்கிவிட முடியுமானால், அதனை உயர்நிலை உளச்செயலின் விளைவு என்று கொள்ளலாகாது என்பது அதன் சாரம். பழக்கம், நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கற்றல் போன்றவை தாழ்நிலை எனவும், அறிந்ததிலிருந்து அறியாததை உய்த்துணர்வது உயர்நிலை எனவும் கொள்ளப்பட்டன. இந்த விதி விலங்கு உளவியலுக்குச் செய்த நன்மை பெரிது. ஆயினும் சான்றைச் சோதிப்பதற்கென்று பிறந்த அது, நாளடைவில் சான்று இல்லாத இடத்திலும் தீர்ப்பு வழங்கும் உரிமையைத் தனக்குத் தானே எடுத்துக்கொண்டது.

விதி பிறந்த சூழலை நோக்கினால் அதன் தேவை விளங்கும். மனிதருக்கும் உயர்விலங்குகளுக்கும் இடையிலான உளவேறுபாடு அளவில்தானே ஒழிய வகையில் இல்லை என்று சார்லஸ் டார்வின் 1871இல் எழுதியபின், அவருடைய இளம் நண்பர் ஜார்ஜ் ரோமானிஸ் அக்கருத்துக்கு ஆதாரம் தேடி, நாய், பூனை, யானை, எறும்பு எனப் பல உயிர்களைப் பற்றிப் பிறர் எழுதியனுப்பிய செய்திகளைத் தொகுத்து 1882இல் நூலாக்கினார். ஒரு பூனை கதவின் தாழ்ப்பாளை நீக்கிற்று என்றால், நெம்பும் விசையைப் பற்றிய கருத்து அதற்கு உண்டு என்னும் அளவுக்கு அந்நூல் எளிதாகச் சென்றுவிடுகிறது. மனிதரின் எண்ணங்களை விலங்குகள்மேல் ஏற்றிப் பார்க்கும் இப்போக்கை மனிதப் பண்பேற்றம் என்பர்.

மார்கன் இதற்கு விடையாக முன்வைத்தது அவருடைய டோனி என்னும் நாயைத்தான். வீட்டு இரும்புக் கதவின் கம்பிகளுக்கிடையே தலையை நுழைத்து, கொக்கியைத் தலையால் மேலே தூக்கி, கதவு தானே திறந்துகொள்ளப் பின்வாங்கி வெளியே ஓடும் அந்நாயை வழிப்போக்கர் எவர் கண்டாலும், கொக்கியின் வேலையை அது புரிந்துகொண்டுள்ளது என்றே கூறுவர். ஆனால் தொடக்கத்திலிருந்தே கவனித்துவந்த மார்கன் கண்டது வேறு: தெருவை எட்டிப் பார்ப்பதற்காகக் கம்பிகளுக்கிடையே பல இடங்களில் தலையை நுழைத்துக்கொண்டிருந்த நாய், ஒருமுறை தற்செயலாகக் கொக்கியின் அடியில் நுழைத்தது, அந்தத் தற்செயல், சில வாரங்களில், பயனற்ற அசைவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நேர்த்தியான ஒரு செயலாக இறுகியது. ஒரு திறமையின் முடிந்த வடிவத்தை மட்டும் பார்த்து அதன் தோற்றத்தை ஊகிக்கக் கூடாது என்னும் இந்தப் பாடமே மார்கனின் உண்மையான கொடை. எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைப் புதிர்ப் பெட்டிகளில் அடைத்து நிகழ்த்திய, ஆசிரியர் பயிற்சி மாணவர் அனைவரும் ‘முயன்று தவறிக் கற்றல்’ என்னும் பெயரால் அறிந்திருக்கும் சோதனைகள் அப்பாடத்தின் நீட்சியே.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டனிடம் இருந்த ஹான்ஸ் என்னும் குதிரையின் செய்தி இவ்விதியின் பயனுக்கு வலுவான சான்று. கூட்டல், பின்னக் கணக்கு, நாள்காட்டிக் கேள்வி ஆகியவற்றுக்குக் குளம்பால் தட்டி விடை கூறிய அக்குதிரையை 1904இல் ஆராய்ந்த குழு அதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று அறிவித்தது. ஓஸ்டன் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதால் அது சரியான அறிவிப்பே. ஆனால் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் தொடர்ந்து செய்த ஆய்வில், கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதவாறு கண்பட்டை கட்டியபோதும் ஹான்ஸின் கணக்கறிவு மறைந்துபோயிற்று. சரியான எண்ணை எட்டும் கணத்தில் கேட்பவரின் தலை மிகச் சிறிதளவு நிமிர்வதைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது. காரணம் தெரிந்தபின்பும் தம் தலையசைவை அடக்க ஃபுங்ஸ்டாலேயே இயலவில்லை. விலங்கைச் சோதிப்பவர் விடை அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது விலங்கின் பார்வைக்கு அப்பால் இருக்க வேண்டும் என்னும் இன்றைய நடைமுறைக்கு இந்த வழக்கே மூலம்.

இனி விதியின் குறைகளுக்கு வரலாம். உளச்செயல்களைத் தாழ்நிலை, உயர்நிலை எனப் பிரிக்கும் அளவுகோல் எது என்பது முதற் சிக்கல். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தியதும் ஒருவகை ஏணியே. ஆயினும் விலங்குகளுள் ஒருசாரனவும் ஆறறிவு உடையன என்று அதன் உரைமரபு இடம்விட்டு, கிளியையும் குரங்கையும் யானையையும் எடுத்துக்காட்டியது. மார்கனுக்குப் பின் வந்தோரின் ஏணியில் அத்தகைய இளக்கம் இல்லை. எளிய விளக்கம் என்று அவர்கள் கூறுவது பல நேரங்களில் எளிதாகவும் இருப்பதில்லை: ஒரே ஓர் உய்த்துணர்வு விளக்கிவிடும் நடத்தையைப் பத்துப் பன்னிரண்டு தனித்தனிப் பழக்கங்களின் தொகுப்பாக விளக்கிவிட்டு, இணைத்துக் கற்றல் தாழ்நிலை என்பதனால் அதுவே சிக்கனமான விளக்கம் என்று வாதிடுவது கணக்கைத் தவறாகப் போடுவதாகும்.

ராபர்ட் எப்ஸ்டைன் குழுவினர் 1984இல் வெளியிட்ட புறாச் சோதனையில் இந்த இடர்ப்பாடு தெளிவாகத் தெரிகிறது. வோல்ஃப்காங் கோலர் டெனரீஃப் தீவில் ஆராய்ந்த சிம்பன்சிகள் பெட்டியை நகர்த்தி, அதன்மேல் ஏறி, தொங்கும் பழத்தைப் பறித்ததை அவர் ‘உட்காட்சி’ என்றார். அதாவது, சிக்கலின் முழு அமைப்பும் ஒருசேர விளங்கிவிடுதல். எப்ஸ்டைன் குழுவினர் புறாக்களுக்கு இரண்டு செயல்களைத் தனித்தனியே பயிற்றினர்: சிறு பெட்டியைத் தரையில் குறித்த இடம் நோக்கித் தள்ளுவது, பெட்டிமேல் ஏறிப் பொம்மை வாழைப்பழத்தைக் கொத்துவது. இரண்டையும் இணைக்கக் கற்றுத் தரவில்லை. பழம் எட்டாத உயரத்திலும் பெட்டி வேறோர் இடத்திலும் இருக்கக் கண்ட புறா, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சற்றுத் தடுமாறி, பின் பெட்டியைப் பழத்தின் அடிக்குத் தள்ளிச் சென்று ஏறிக் கொத்தியது. முன்பயிற்சியே எல்லாவற்றையும் விளக்குகிறது, உட்காட்சி என்று ஒன்று தேவையில்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் பயிற்றப்படாத அந்த இணைப்பு எங்கிருந்து வந்தது என்பதே விளக்கப்பட வேண்டியதாக இருக்க, அதற்கும் பழக்கம் என்றே பெயரிட்டால், வினாவுக்குப் பெயர் மாறியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மனிதரின் கண்டுபிடிப்புகளும் முன்பே கற்ற கூறுகளின் புதிய சேர்க்கைகள்தாமே.

இரண்டாவது குறை இதனினும் கடுமையானது. இல்லாததை உண்டு என்பதும் உள்ளதை இல்லை என்பதும் ஒத்த பிழைகளாக இருக்க, மார்கன் விதி முன்னதை மட்டும் பிழையாகக் கண்டு, பின்னதை எச்சரிக்கை என்னும் நற்பெயரால் மறைத்துவிடுகிறது. ஒரு விலங்கு சோதனையில் தோற்றால் விதியின் வழக்கப்படி அது விலங்கின் தோல்வியாகவே எழுதப்படுகிறது. சோதனை தோற்றிருக்கக்கூடும் என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை.

யானைகளின் கதை இத்தகையது. எட்டாத உணவைக் கோலைக் கொண்டு இழுத்தெடுக்கச் சொல்லும் சோதனையில் யானைகள் கோலைப் பொருட்படுத்தாததால், அவற்றிடம் உட்காட்சி இல்லை என்றே எண்ணப்பட்டது. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சியகத்தில் கண்டூலா என்னும் ஏழு வயது ஆசிய யானையும் கோலை அவ்வாறே புறக்கணித்தது. ஆனால் பெரிய நெகிழிக் கனசதுரம் ஒன்றை வளாகத்தில் வைத்தபோது, பலமுறை தொங்கும் பழக்கிளையை வெறுமனே நோக்கியிருந்த அந்த யானை, இடையில் தவறான முயற்சி எதுவும் செய்யாமல், ஒரு நாள் கனசதுரத்தை உருட்டிவந்து கிளைக்கு நேர்கீழே நிறுத்தி, முன்கால்களை அதன்மேல் ஊன்றி எழும்பிப் பழத்தைப் பறித்ததாக 2011இல் வெளியான ஆய்வு பதிவுசெய்கிறது. பழைய தோல்விக்கும் அவ்வாய்வு காரணம் காட்டியது: தும்பிக்கை யானைக்குக் கையாக இருப்பதோடு மூக்காகவும் தொடுபுலனாகவும் இருப்பதால், நுனியில் கோலைச் சுற்றிப் பிடித்த யானை, உணவை மோந்தும் தொட்டும் தேடும் திறனை அதே கணத்தில் இழந்துவிடுகிறது. குரங்கின் கைக்கு ஏற்றவாறு அமைத்த வினாவை யானையிடம் கேட்டவர்கள், விடை வராததைக் கொண்டு யானையின் அறிவை அளந்திருந்தனர்.

பிறர் பார்ப்பதைச் சிம்பன்சிகள் உணர்கின்றனவா என்னும் ஆராய்ச்சியும் இதே வழியில் சென்றது. கண்ணைக் கட்டிக்கொண்டவரிடமும் பார்த்துக்கொண்டிருப்பவரிடமும் அவை வேறுபாடின்றிக் கையேந்தின என்று 1996இல் டேனியல் பொவினெல்லி குழுவினர் காட்டினர். வலிய சிம்பன்சியின் கண்ணுக்கு மறைந்திருக்கும் உணவையே எளிய சிம்பன்சி தேர்ந்தெடுக்கிறது என்று 2000இல் பிரையன் ஹேர் குழுவினர் காட்டினர். உணவுக்குப் போட்டியிட்டுப் பழகிய உயிரிடம் இரவல் கேட்கும் சூழலை அமைத்ததே முந்தைய சோதனையின் குறை என்பது பின்னவர்களின் வாதம்.

இவற்றால் விதியைக் கைவிட்டுவிடலாம் என்று கருதுவோர், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பெட்டி என்னும் நியூ கலிடோனியக் காகத்தை நினைவில் கொள்வது நல்லது. நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து, குழாய்க்குள் இருந்த சிறு வாளியைத் தூக்கியெடுத்த பெட்டியைப் பற்றிய கட்டுரை 2002இல் வெளியானபோது, விலங்கறிவின் உச்சமாக அது கொண்டாடப்பட்டது. காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட அதே இனக் காகங்கள் குச்சிக் கருவிகளை வளைப்பதை இயல்பாகவே செய்கின்றன என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியபின், அந்த உச்சம் பெரிதும் தாழ்ந்தது. மார்கனின் கேள்வியை, அதாவது இத்திறமை எந்த வரலாற்றின் முடிவு என்பதை, முதலிலேயே கேட்டிருந்தால் அத்தனை ஆரவாரம் எழுந்திராது.

விதியின் பிற்காலப் பாதுகாவலர் பலரும் மறந்துவிடும் ஒன்று, மார்கனே 1903ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அதற்கு ஒரு வரம்பு கட்டினார் என்பது. குறித்த விலங்கிடம் உயர்நிலைச் செயல்கள் உள்ளமைக்கு வேறு வகையில் தனிச் சான்று இருக்குமானால், ஒரு செயலை அவற்றைக் கொண்டு விளக்குவதை விதி தடுக்காது என்று அவர் சேர்த்து எழுதினார். எனவே கேள்வி, அத்தகைய தனிச் சான்றை எவ்வாறு திரட்டுவது என்பதாகிறது.

சைவ அளவை நூல்கள் ‘ஒழிபு’ என வகுத்த அறிதல்முறை, பகுத்தறிவின் மிகச் சிறிய, சோதிக்கத்தக்க வடிவம்: இருப்பவற்றுள் பிறவற்றை விலக்கி, எஞ்சியதைத் துணிவது. கிரேக்க ஸ்டோயிக் மெய்யியலார் கிரைசிப்பஸ் கூறியதாகக் கூறப்படும் நாய், முச்சந்தியில் இரண்டு வழிகளை மோந்து இரை செல்லவில்லை என்று கண்டு, மூன்றாவதை மோவாமலேயே அவ்வழியில் ஓடியது இந்த அறிதலால்தான். யோசெப் கால் 2004இல் பெருங்குரங்குகளைக் கொண்டு நடத்திய சோதனையில், வெற்றுக் கிண்ணத்தை மட்டும் குலுக்கி ஒலி எழாமையைக் காட்டியபோது, அவற்றுள் சில மற்றக் கிண்ணத்தைத் தேர்ந்தன. நாய்களுக்கும் இத்திறன் உண்டு; ஆனால் சோதிப்பவரின் கையும் கண்ணும் தரும் குறிப்புகளை நீக்கியபோதுதான் அது வெளிப்பட்டது என 2007இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் கண்டனர். மனிதரின் குறிப்பு ஹான்ஸை அறிவாளியாகக் காட்டியது. நாய்களையோ அறிவிலிகளாகக் காட்டியிருக்கிறது.

இரண்டு கிண்ணச் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. ‘வெற்றுக் கிண்ணத்தை விடு’ என்னும் பழக்கம் மட்டும் இருந்தாலும் விலங்கு சரியான கிண்ணத்துக்கே வந்து சேரும். ஷில்பா மோடியும் சூசன் கேரியும் 2016இல் குழந்தைகளுக்காகக் கையாண்ட நான்கு கிண்ண முறை இந்த ஓட்டையை அடைக்கிறது. கிண்ணங்கள் இரண்டிரண்டாக வைக்கப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் ஒரு பொருள் மறைவாக ஒளிக்கப்படுகிறது. பின் ஓர் இணையில் ஒரு கிண்ணம் வெறுமை எனக் காட்டப்படுகிறது. வெறுமையைத் தவிர்ப்பது மட்டும் தெரிந்தவர் எஞ்சிய மூன்றில் எதையும் எடுக்கலாம். உய்த்துணர்பவரோ வெற்றுக் கிண்ணத்தின் இணையைத்தான் எடுப்பார், ஏனெனில் அங்கே மட்டுமே பொருள் உறுதியாக உள்ளது. மூன்று வயதுக் குழந்தைகள் இதில் வென்றனர். இரண்டரை வயதுக் குழந்தைகள் தோற்றனர். ஐரீன் பெப்பர்பெர்க்கிடம் வளர்ந்த கிரிஃபின் என்னும் சாம்பல்நிறக் கிளி வென்றது.

சிந்தனைக்கு மொழி இன்றியமையாதது என்றும், நம்பிக்கை என்பது பொய்க்கக்கூடும் என்னும் கருத்து இல்லாத உயிர்க்கு நம்பிக்கையே இருக்க முடியாது என்றும் 1982இல் வாதிட்ட மெய்யியலார் டோனல்ட் டேவிட்சனின் அளவுகோல் கிரிஃபினை விலக்கிவிடும். ஆனால் அதே அளவுகோல் மழலையரையும் விலக்கிவிடும் என்பதனால், அது விலங்கையும் மனிதரையும் பிரிக்கும் கோடாக நிற்க முடியாது. காரணங்களைக் கொண்டு சிந்திப்பது வேறு, அக்காரணங்கள் தகுதியானவையா என்று திரும்பி ஆராய்வது வேறு. முன்னதற்குச் சில விலங்குகளிடம் சான்று உண்டு, பின்னதற்கு இதுவரை முன்வைக்கப்பட்ட சான்றுகள் மெலிந்தவை. கிரிஃபினின் வெற்றியிலும் மார்கனின் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது: பல ஆண்டுகள் மனிதச் சொற்களுக்கிடையே பயின்ற ஒரு பறவை பெற்ற திறனை, காங்கோக் காடுகளில் பழமரம் தேடிப் பறக்கும் அதன் இனத்துக்கு உரியதாக்குவதற்கு, அக்காட்டுப் பறவைகள் நாள்தோறும் எதிர்கொள்ளும் தெரிவுகளிலிருந்து அமைந்த சோதனை வேண்டும்.