மாலை ஆறு மணி வழிபாடு

2020 ஆகஸ்டு 20, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தமிழகத்தின் பல்லாயிரம் வீடுகளில் ஒருவருடைய குரல் ஒரே வேளையில் ஒலித்தது. கொரோனா நோயுற்றுச் சென்னை மருத்துவமனையொன்றில் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு கிடந்த பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் நலம்பெற வேண்டும் என்பதற்காக இயக்குநர் பாரதிராஜா அழைப்பு விடுத்திருந்தார். திரையுலகினரும் இரசிகர்களும் அவரவர் இருக்குமிடத்திலேயே அவர் பாடிய பாட்டொன்றை ஒலிக்கச் செய்து வேண்டிக்கொள்வது என்பதே ஏற்பாடு. திற்பரப்பில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வீட்டிலும் அப்பாட்டு ஒலித்தது. அது அவ்வீட்டின் குடும்ப ஜெப வேளை. மறுநாளே சபை மூப்பர் ஒருவர் தொலைபேசியில் என்னை அழைத்து, ஜெப வேளையில் சினிமாப் பாட்டு வைப்பதைப் போதகர் கண்டிக்க வேண்டாமா என்று கேட்டார். கண்டிக்க வேண்டியதே என்று நானும் தயக்கமின்றிச் சொன்னேன். அந்தப் பதிலைத் திரும்ப எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரை. அம்மாலை நிகழ்ச்சியை ஒரு வழிபாடாகவே எடுத்துக்கொண்டு, வழிபாட்டியல் நோக்கில் அதனை எடைபோட விழைகிறேன்.

தொற்றுக் காலத்தில் இந்நாட்டு மக்கள் ஒருங்கே கடைப்பிடித்த பொதுச் சடங்கு இஃது ஒன்றன்று. மார்ச் 22 ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினோம். ஏப்ரல் 5 ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் மின்விளக்கை அணைத்து அகல் ஏற்றினோம். அந்த ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. குருத்தோலைப் பவனி இல்லை. ஆயினும் வீட்டு முற்றத்தில் விளக்கேந்தி நின்றோம். இவ்விரண்டும் ஆட்சியாளர் மேலிருந்து கேட்டுக்கொண்டவை. நன்றியும் உறுதியும் அவற்றின் பொருள். துயரத்திற்கு அவற்றில் இடமில்லை. ஆகஸ்டு 20 நிகழ்ச்சி வேறு வகையினது. மேலிருந்து யாரும் கட்டளையிடவில்லை. ஒருவன் சாகக் கிடக்கிறான், நமக்குச் செய்யத் தெரிந்தது இதுதான் என்ற கையறுநிலையிலிருந்து அது பிறந்தது. கையறுநிலை என்பதைத் துறையாகவே வகுத்து வைத்த மொழி நம்முடையது என்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம்.

இந்தச் சடங்குகளுக்கெல்லாம் அடியில் நாள்தோறும் நடந்த ஒரு சடங்கும் உண்டு, அது செய்தி. மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகத்தில் தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது முதல், மாலைதோறும் சுகாதாரத் துறை வெளியிட்ட எண்களைக் கேட்க வீடுகள் தொலைக்காட்சி முன் கூடின. இன்று எத்தனை பேருக்கு, எந்த மாவட்டத்தில், இறந்தோர் எத்தனை என அதற்கென ஓர் ஒழுங்கு முறையும், ஏறக்குறைய மாறாத சொற்களும் அமைந்துவிட்டன. நம் மாலை ஆராதனை முறைமைக்குக்கூட அத்துணை ஒழுங்கான கூட்டம் என்றும் வாய்த்ததில்லை. கோதையாற்று அருவிக்குச் செல்லும் வழி அடைக்கப்பட்டு, கடைகள் மூடிக் கிடந்தன. அருவி மட்டும் யாரும் பாராமல் விழுந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 21 சிவராத்திரியன்று சிவாலய ஓட்டக்காரர் மூன்றாம் தலமான மகாதேவர் கோயிலுக்கு ஓடி வந்ததே ஊர் கண்ட கடைசிப் பெருங்கூட்டம். அதன்பின் ஊருக்கு வெளியிலிருந்து வந்தது செய்தி ஒன்றே.

அச்செய்தியில் ஒரு குடும்பத்தின் செய்தியும் ஆகஸ்டில் சேர்ந்தது. நோய்க்குறி இலேசானதே, வீட்டிலேயே தனித்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியும், வீட்டாருக்குத் தொல்லை வேண்டாம் என்று தாமே மருத்துவமனை வந்ததாகப் பாலசுப்பிரமணியம் ஆகஸ்டு 5-இல் காணொளியில் கூறினார். ஒரு வாரத்திற்குப்பின் நிலை மோசமாயிற்று. அதன்பின் அவர் மகன் சரண் அடிக்கடி தோன்றித் தந்தையின் நிலையைச் சொல்லலானார். நான் பெரிதும் மதிப்பது அம்மகனின் சொல்லடக்கத்தை. ஆகஸ்டு 24-இல் நோய்த் தொற்று நீங்கிவிட்டதாக ஒரு செய்தி பரவியபோது, கேட்பவர்க்கு இனிக்கும் அச்செய்தி உண்மையன்று என்று அவரே மறுத்துரைத்தார். நற்செய்தி என்னும் சொல்லைத் தொழிலாகக் கொண்ட நாம் அக்காலத்தில் கைப்பேசி வழியே பரப்பிய சில சாட்சிகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வெட்கமுண்டாகும்.

இனிப் பாட்டுக்கு வருவோம். மூப்பரின் முறையீட்டில் உள்ள வலுவான பகுதி இதுவே. ஒலித்தவை பெரும்பாலும் காதற் பாட்டுகள். அவற்றில் கடவுளும் இல்லை, நோயாளியும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. மேலும், அவை கடந்த காலத்தின் பாட்டுகள். 1969-இல் ‘அடிமைப்பெண்’, ‘சாந்தி நிலையம்’ ஆகிய படங்களின் வழியாகத் தமிழர் செவிக்கு வந்த அக்குரல், ஐம்பதாண்டு நம்மோடு வாழ்ந்தது. இத்தென்கோடியில் அதனைக் கொண்டுவந்தது பெரிதும் இலங்கை வானொலி. கடல் கடந்து வந்த அவ்வானொலியின் காலை நிகழ்ச்சியாகிய பொங்கும் பூம்புனல் ஒலித்த வீடுகளில் பிறந்தவர்களே இன்று பாட்டன் பாட்டிமார். ஊரடங்கில் அவர்கள் திரும்பியது அந்த வானொலிக் காலத்துக்கே. இதனை எகிப்தின் நினைவு என்று மூப்பர் சொல்லக்கூடும். எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் வனாந்தரத்து மக்கள் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் எண்ணி அழுததைச் சுட்டவும் கூடும். அந்த நினைவு அடிமைத்தனத்தை மறைத்துவிட்டு உணவை மட்டும் நினைத்தது. ஆகவே பொய்யான நினைவு. பழம்பாட்டின் மயக்கத்திலும் அப்பொய் உண்டு. 1970-களின் திற்பரப்பு, அதிகாலை இருட்டில் ரப்பர் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியவருக்கு இன்பலோகமாக இருந்ததில்லை.

ஆனால் வேதாகமத்தில் வேறொரு நினைவும் இருக்கிறது. நூற்று முப்பத்தேழாம் சங்கீதத்தில் ஆற்றங்கரையில் அமர்ந்தவர்களும் பழையதை நினைத்தே அழுகிறார்கள். அவர்களைச் சபித்தவர் யாருமில்லை. இரண்டு நினைவுக்கும் வேறுபாடு எதில்? எகிப்தை நினைத்தவர்கள் இழக்காத ஒன்றை இழந்ததாகக் கற்பனை செய்தனர். சீயோனை நினைத்தவர்கள் உண்மையாகவே இழந்ததன் பெயரைச் சொல்லி அழுதனர். பாட்டு எக்காலத்தது என்று கேட்பதைவிட, அதனைக் கேட்பவர் எதனை இழந்தவர் என்று கேட்பதே பொருந்தும்.

அதைத்தான் நான் கேட்கத் தவறினேன். சில நாட்கள் கழித்து முகக்கவசத்தோடு அவ்வீட்டுத் திண்ணையில் சற்றுத் தள்ளி அமர்ந்து, அறிவுரை கூறும் நோக்கத்தோடே பேச்சைத் தொடங்கினேன். வீட்டுத் தலைவர், வாழ்நாளெல்லாம் பால்வெட்டுத் தொழில் செய்தவர், அவ்வாண்டு ஜூனில் வேறொரு நோயால் இறந்திருந்தார். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. வளைகுடா நாட்டில் வேலை பார்த்த மகனுக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. அவன் கைப்பேசியில் பார்த்தான். அந்த அடக்க ஆராதனையை நடத்தியவன் நானே. பாடல்களைக் குறைத்தேன், செய்தியைச் சுருக்கினேன், அரைமணி நேரத்தில் முடித்தேன். அந்த அம்மையார் அன்று அழவில்லை. அதை நான் விசுவாசத்தின் திடம் என்று எண்ணிப் பாராட்டவும் செய்தேன். இப்பொழுது அவர் சொன்னார்: “ஜெபிக்கத்தான் இருந்தேன், ஐயரே. வாயில ஒண்ணும் வரல்ல. அவருக்க பாட்டுதான் வந்தது.” பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் அழுதாராம். இரண்டு மாதத்துக்குப்பின் வந்த முதல் அழுகை. பேரப்பிள்ளைகள் பயந்துபோனார்களாம்.

எனவே கேள்வி திரைப்பாட்டைக் குறித்ததன்று, நம்மைக் குறித்தது. அவ்வைந்து மாதங்களில் நாம் அவர்கள் கையில் கொடுத்த வழிபாடு எத்தகையது? ஒளிபரப்பான ஆராதனைகளைத் திரும்பப் பார்த்தேன், என்னுடையவை உட்பட. பாதுகாப்புக்கு நன்றி, பாதுகாப்புக்கு விண்ணப்பம், மீண்டும் பாதுகாப்புக்கு நன்றி. தொண்ணூற்றோராம் சங்கீதம் வாரந்தோறும் வாசிக்கப்பட்டது. கொள்ளைநோய் அணுகாது என்னும் அதன் வாக்குத்தத்தம் வாசற்படியில் ஒட்டும் தாயத்தைப்போல வழங்கப்பட்டது. வனாந்தரச் சோதனையில் அந்தச் சங்கீதத்தை எடுத்தாண்டவன் யார் என்பதை மத்தேயு நான்காம் அதிகாரம் சொல்கிறது. அதனை யாரும் நினைவூட்டவில்லை. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பற்பாக்கள் என்பர் அறிஞர். அவற்றில் ஒன்றைக்கூட, இருளில் தொடங்கி இருளிலேயே முடியும் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை ஒருமுறைகூட, நான் வாசிக்கவில்லை. புலம்பலை இழக்கும் சமயம் கடவுளோடு மெய்யாக உரையாடும் உரிமையையே இழக்கிறது என்ற கருத்தை வால்டர் புரூகமன் 1986-இல் ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார். அதனை வகுப்பறையில் படித்துத் தேர்வும் எழுதியவர்கள் நம்மில் பலர். ஒப்பாரி வைப்பது அவிசுவாசம் என்று நம் சபைகளில் நெடுங்காலம் கற்பித்து வந்தோம். அந்தக் கதவை அடைத்தவர்கள், பெண்கள் வேறு கதவைத் திறக்கும்போது சினங்கொள்வது முறையன்று. (நம் கீர்த்தனைகளின் கதையும் இதில் சேரும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் நாட்டு இராகங்களில் பாடியதை ஐயத்தோடு நோக்கியவர்களும் அன்று இருந்தனர். இராகம் எவ்வீட்டுப் பிள்ளை என்ற விசாரணை நம்மிடையே பழையது.)

இவ்வளவும் சொன்னபின், ஆகஸ்டு 20 வழிபாட்டின் குறையையும் மறைக்கலாகாது. அது விளிவேற்றுமை இல்லாத ஜெபம். யாரை நோக்கி என்று சொல்லாமல் விட்டதனாலேயே எல்லாச் சமயத்தாரும் அதில் சேர முடிந்தது. அது அதன் பெருந்தன்மை. ஆயின் விளி இல்லாத இடத்தில் முறையிடவும் இயலாது. அக்காலத்தில் நான் கண்ட உண்மையான விளி இளையராஜாவினுடையது. நண்பரைப் பெயர் சொல்லி அழைத்து, விரைந்து எழுந்து வரும்படி அவர் காணொளியில் கேட்டுக்கொண்டபோது, பெத்தானியாவின் கல்லறை வாசலை நினையாத போதகர் இருக்க முடியாது. ஒரு காலத்தில் அத்தகைய அழைப்புக்கு விடையும் கிடைத்தது. ‘அடிமைப்பெண்’ படத்திற்குப் பாட வேண்டிய இளம் பாடகர் நோயுற்றபோது, வேறொருவரை வைத்துப் பாட்டை முடிக்காமல் எம். ஜி. ஆர். காத்திருந்தார் என்பதைப் பாலசுப்பிரமணியமே பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். அவருடைய தமிழ்ப் பாட்டு வாழ்வு, நோயில் கிடந்த ஒருவனுக்காக மற்றொருவர் காத்திருந்ததில் தொடங்கியது. இம்முறை நாடே காத்திருந்தது, அவர் எழவில்லை. செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை பிற்பகலில் இறந்தார். மறுநாள் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் காவல்துறை மரியாதையோடு அடக்கம் நடந்தது.

கேட்கப்பட்டது கிடைக்காதபோது ஜெபித்தவர்கள் என்ன செய்வது? ஆகஸ்டு 20 வழிபாட்டுக்கு இதற்கான இரண்டாம் பகுதி கிடையாது. தொலைக்காட்சிகள் அன்றே அஞ்சலி நிகழ்ச்சிக்கு மாறின. அதே பாட்டுகள், அதே வரிசை, விண்ணப்பம் மட்டும் நினைவாஞ்சலி ஆயிற்று. இந்த இடைவெளியை, வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவிலுள்ள அந்தப் பேச்சற்ற சனிக்கிழமையை, தன் நாட்காட்டியிலேயே வைத்திருக்கும் சமூகம் திருச்சபை. யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நற்செயல் அது. நாம் அதற்கும் முந்திவிட்டோம். துயரப்படுவோரிடம் அடுத்த நாளே உயிர்த்தெழுதலைப் பிரசங்கித்து, அவர்கள் தலையசைத்ததும் மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

செப்டம்பரில் ஆலயம் திறந்தபின், 27-ஆம் தேதி ஞாயிறு ஆராதனைக்கு அந்த அம்மையார் வந்திருந்தார். கையில் கிருமிநாசினி தேய்த்துக்கொண்டே வாசலில் நின்று, “அவருக்க பொண்டாட்டிக்கும் பிள்ளையளுக்குமா இன்னைக்கு ஒரு வாக்கு ஜெபிக்கலாமா, ஐயரே?” என்று கேட்டார். பொது மன்றாட்டில் அக்குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டேன். வளைகுடாவிலிருந்து இன்னும் வராத மகனையும், ஜூனில் நாங்கள் அரைமணி நேரத்தில் அடக்கம் செய்தவரையும் பெயர் சொல்லிச் சேர்த்தேன். முன்வரிசையில் இடைவெளி விட்டு அமர்ந்திருந்த மூப்பர் ஆமென் சொன்னாரா என்பதை நான் கவனிக்கவில்லை.