வாசகர் செய்தியாளராதல்: மும்பைத் தமிழர் பட்டறிவின் வழி ஒரு நோக்கு

இதழியல் ஆய்வுகளில் ‘குடிமக்கள் இதழியல்’ என்னும் தொடர் இருபதாண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருகின்றது. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்தியாளரே என்பது அதன் சுருக்கம். தென்கொரியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘ஓமைநியூஸ்’ இதற்கு முன்னோடியாகச் சுட்டப்பெறும். ஆனால் அங்குப் பொதுமக்கள் அனுப்பிய செய்திகள், பயிற்சி பெற்ற ஆசிரியர் குழுவின் பார்வைக்குப் பின்னரே வெளியாயின என்பதை இத்தொடரைப் போற்றுவோர் பலரும் மறந்துவிடுகின்றனர்.

தமிழில் இம்மரபு கணினிக்கு மிகவும் முந்தியது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் வாழ்ந்த தமிழர்கள் தத்தம் ஊர்க் கூட்டங்களையும் குறைகளையும் அதற்கு எழுதியனுப்பினர். வாசகர் விருப்பத்திற்கிணங்க, ஓராண்டிற்குப் பின் இதழின் பெயரே ‘தமிழன்’ எனச் சுருங்கியது. இதழின் பெயரை மாற்றும் அளவிற்கு உரிமை பெற்றிருந்த வாசகரை இன்றைய ‘பின்னூட்டர்’ என்னும் சொல்லால் குறிக்க இயலாது. எழுதியவர் யார், எவ்வூரினர், யார் பொருட்டு எழுதுகிறார் என்பது அவர்தம் சங்கத்தார்க்குத் தெரியும். பொய்யெழுதினால் மறுவாரமே மறுப்பு வரும். இந்நெருக்கமே அன்றைய சரிபார்ப்பு முறை எனலாம்.

செய்தி எத்தகைய படைக்கலமாக மாறும் என்பதை மும்பைத் தமிழர் பட்டறிந்துள்ளனர். 1960இல் பால் தாக்கரே தம் தம்பியுடன் தொடங்கிய ‘மார்மிக்’ என்னும் மராத்திக் கேலிச்சித்திர வார இதழ், நிறுவனங்களில் பணியாற்றிய அலுவலர்களின் பெயர்ப்பட்டியல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. பெரும்பாலானவை தென்னிந்தியப் பெயர்கள். ‘வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பு அவற்றின் மேல் இருந்தது. 1966இல் சிவசேனை தோன்றுவதற்கான மனநிலையை உருவாக்கியவற்றுள் இப்பட்டியல்களுக்கு முதன்மையான இடம் உண்டு. மாட்டுங்காவின் உணவகங்களும் அங்காடிகளும் அடுத்து வந்த ஆண்டுகளில் அஞ்சி வாழ்ந்தன.

ஈண்டு ஒன்று நுணுகி நோக்கத்தக்கது. அப்பட்டியல்களில் அச்சிடப்பெற்றவை கற்பனைப் பெயர்கள் அல்ல. அலுவலகங்களில் இருந்தோரின் பெயர்களே. ‘உண்மை சரிபார்ப்பு’ என்னும் இன்றைய அளவுகோலைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டால் மார்மிக்கின் பட்டியல் தேறிவிடும்! பெயருக்குரியவரின் குரல் அப்பக்கத்தில் இல்லை என்பதே அதன் குற்றம்.

பொய்ச்செய்தியின் கேடு வேறு வகையினது. 2005 சூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்தது, மித்தி ஆறு கரையுடைத்துத் தாராவியை ஒட்டிய பகுதிகளை மூழ்கடித்தது. இரண்டு நாள் கழித்து, கடற்கோள் வருகிறது, அணை உடைந்தது என்னும் வதந்திகளால் சுகூ நேரு நகர்க் குடிசைப் பகுதியில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் மாண்டனர். அன்று வதந்தி வாய்வழியே பரவிற்று. 2018இல் அதற்கு வாட்ஸ்அப் வாய்த்தது. குழந்தை கடத்துவோர் என்று ஐயுற்று மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் முதிய பெண்ணொருவரையும், சூலை 1 அன்று மகாராட்டிரத்துத் துலே மாவட்டம் ரைன்பாடாவில் ஐவரையும் கூட்டம் அடித்துக் கொன்றது. அதன் பின்னரே ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பிட்டது.

பயிற்சி பெற்ற ஊடகம் இக்குற்றத்திற்கு அப்பாற்பட்டது என்பதும் பொருந்தாது. 2008 நவம்பர் 26 தாக்குதலைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டிய முறையை உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பரவிய காணொளிகள் வேறிடங்களின் காட்சிகள் எனப் பின்னர் மெய்ப்பிக்கப்பட்டன. அதற்குள் அச்செய்தி சில இந்தி நாளிதழ்களிலும் ஏறிவிட்டது. 1960களில் பம்பாயில் தமிழர் நின்ற இடத்தில் இப்பொழுது தமிழ்நாட்டில் பீகாரியர் நின்றனர். இவ்வொப்புமை தமிழ் நாளிதழ்களில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஆகவே நாளிதழும் குடிமகனும் ஒருவரையொருவர் விலக்குவதால் பயனில்லை. உத்தரப்பிரதேசத்துச் சித்திரகூடத்தில் 2002இல் தொடங்கிய ‘கபர் லகரியா’ நல்லதொரு சான்று. தலித் பெண்கள் உள்ளிட்ட ஊர்ப்புறப் பெண்கள் தம் வட்டார மொழியிலேயே செய்தி திரட்டினர். பின்னர் அச்சிலிருந்து காணொளிக்கு மாறினர். அவர்கள் வெளியிலிருந்து வந்து ஊரைப் பார்த்துச் சென்றவர்கள் அல்லர். செய்தி வெளியான மறுநாளும் அதே கிணற்றடிக்குச் செல்ல வேண்டியவர்கள். கருவி மாறிய பின்னரும் பொறுப்பு மாறாமைக்கு அதுவே காரணம்.

மும்பைத் தமிழருக்கு இத்தகைய இதழியலின் தேவை இன்று கூடியுள்ளது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் செறிந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாசி, சான்பாடா, நெருள் எனக் கழிமுகம் கடந்து நவிமும்பைக்குப் பரவிவிட்டன. சான்பாடா நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்போர் கையில் அச்சுத்தாள் அரிது. ஊர்ச்செய்தியும் தாராவிச் செய்தியும் கைப்பேசிவழியே வருகின்றன. தாராவியிலோ மறுசீரமைப்பிற்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 சனவரி 1க்கு முன்னர் இருந்த தரைத்தள வீட்டினர்க்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. பிறர்க்கு வேறு விதி. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள், பழைய மின்கட்டணச் சீட்டும் குடும்ப அட்டையும் தேடி நிற்கின்றனர். மேல்தளத்தார் நிலை என்ன, எவ்வீட்டிற்கு எண் இடப்பட்டது, எது விடுபட்டது என்பவை அச்சந்துகளில் வாழ்வோர்க்கே முதலில் தெரிய வருகின்றன.

அவற்றைப் பெயருடனும் நாளுடனும் குறித்து வைக்க அவர்களால் இயலும். ஆவணத்தோடு ஒப்பிட்டு, அதிகாரியின் மறுமொழியும் பெற்று, பெயரை வெளியிட உரியவரின் ஒப்புதலும் கேட்டு அச்சேற்றுவது நாளிதழின் பணி. அயோத்திதாசருக்குக் கோலாரிலிருந்து மடல் வந்து சேரச் சில நாள் ஆகியிருக்கும். தாராவிச் சந்திலிருந்து செய்தியறைக்கு ஒரு படம் வந்து சேர நொடி போதும். அப்படத்தை அனுப்பியவரைத் திரும்ப அழைத்துப் பேசத் தமிழ் அறிந்த ஓர் உதவியாசிரியர் அங்கே அமர்த்தப்பட வேண்டும்.