இயந்திரச் செய்தியும் நகைச்சுவையும்

கைத்தொலைபேசி, கணினி, செயலி, செயற்கை நுண்ணறிவு முதலியவற்றைப் பற்றிப் பாதி செய்தியாகவும் பாதி கேலியாகவும் எழுதப்படும் சிறு கட்டுரைகள் தமிழில் ஒரு தனி எழுத்துவகையாகவே தழைத்துவிட்டன. நம்மிடம் தமிழ் பயிலும் மாணவர், பாடத்திட்டத்திலுள்ள சிறுகதையை ஆசிரியருக்கு அஞ்சி வாசிக்கின்றனர். இவற்றையோ ஆசிரியருக்கு மறைத்து வாசிக்கின்றனர். மாணவர் எதை மறைத்து வாசிக்கிறார்களோ, அதுவே அவர்களுடைய உண்மையான இலக்கியம் என்பதை அனுபவம் மிக்க ஆசிரியர் எவரும் அறிவர். ஆயினும் நமது விமரிசகர்கள் இவ்வகை எழுத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இலக்கியம் ஆகாதது விமரிசனத்துக்கும் ஆகாது என்பது அவர்கள் கைக்கொள்ளும் ஆசாரம் போலும். மக்கள் எங்கே சிரிக்கிறார்களோ அங்கே அவர்களது சிந்தனையும் உருவாகிறது எனக் கருதும் நாம், அந்த ஆசாரத்தை மீறத் துணிகிறோம்.

சென்ற பருவத்தில் ஒரு மாலை, உயர்வகுப்பு மாணவர் சிலருடன் ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்களில் அமர்ந்திருந்தோம். மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு பகடியை உரக்க வாசித்தான். புதிய ஐபோன் வந்துவிட்டது, ஆகவே ஒரு சிறுநீரகத்தை விற்பதற்கு ஆயத்தமாகுங்கள் என்பது அதன் சாரம். எல்லோரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த கடற்றொழிலாளி ஒருவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “அத வாங்கினா, கடலுக்குள்ள மணல் எங்க கிடக்கெண்டு காட்டுமா சேர்?”

மீண்டும் ஒரு சிரிப்பு எழுந்தது. ஆனால் அது முதற் சிரிப்பைப் போன்றதன்று. அந்த இரண்டு சிரிப்புகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் சிரிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். சிறுநீரகப் பகடி தமிழில் தேய்ந்து பழகிய நாணயம். ஒவ்வோர் ஆண்டும் புதிய கருவி வெளிவரும்போது அதுவும் புதுப்பிக்கப்படும். ஆனால் இது வெறும் கற்பனை அன்று. 2011இல் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தைச் சேர்ந்த பதினேழு வயது இளைஞன் ஒருவன், ஐபோனும் ஐபாடும் வாங்கும் பொருட்டுத் தன் சிறுநீரகத்தை உண்மையிலேயே விற்றான். பின்னர் அவன் உடல்நலம் சீர்கெட்டது. அவனது உறுப்பை அறுத்து விற்றவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். ஒரு சிறுவனின் உடலில் நிகழ்ந்தது நகைச்சுவையாக உலகெங்கும் சுற்றுகிறது. சிறுவனை மட்டும் காணோம். பகடி எழுதியவர் கொடியவர் என்று நாம் கூறவில்லை. அவர் அந்தச் செய்தியை அறிந்திருக்கவும் மாட்டார். அறியாமலே சிரிக்கவைக்கும் இந்த வசதிதான் நம்மை அச்சுறுத்துகிறது.

இன்னும் அருகில் வருவோம். அந்த ஐபோன்களுள் ஒரு பகுதி தமிழ்நாட்டில், திருப்பெரும்புதூரில் உள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகளால் பூட்டப்படுகிறது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகி அவர்களுட் பலர் நோயுற்றபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தார்கள். இதைவிடப் பெரிய தொழில்நுட்பச் செய்தி அந்த ஆண்டில் தமிழுக்கு உண்டா? ஆனால் நமது கேலிக் கட்டுரையாளர்களின் கண்களுக்குக் கருவியின் கமராவில் எத்தனை கண்கள் உள்ளன என்பதே தெரிந்தது. கருவியைப் பூட்டிய கைகள் தெரியவில்லை.

இவ்வகைக் கட்டுரைகளில் மற்றொரு நிரந்தரப் பாத்திரமும் உண்டு. அவர் ‘பாட்டா’. அவருக்குக் கைத்தொலைபேசியைத் தலைகீழாகப் பிடிக்கத்தான் தெரியும். வட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் வேதவாக்காக நம்புவார். கடவுச்சொல்லைக் கதவில் எழுதி ஒட்டுவார். அவரைக் காட்டிச் சிரிப்பது எளிது. அவருக்கு விளங்காத மொழியில், அவரது விரலுக்கு எட்டாத எழுத்தில், அந்தக் கருவியை அமைத்தவரைக் காட்டிச் சிரிப்பது கடினம். எளிதானதைச் செய்வது எழுத்தாளனுக்கு அழகன்று.

தமிழில் இந்த எழுத்துவகைக்கு உருவம் கொடுத்தவர் சுஜாதா என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதிலும் பங்குகொண்ட அவர், இயந்திரத்தை உள்ளிருந்து அறிந்தவர். ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்திலும், பிற்காலத்தில் ‘ஆனந்த விகடன்’ பத்திகளிலும் அவர் கையாண்ட குறும்பான நடை, விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசுவதென்றாலே தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் நமது வழக்கத்தை ஒழித்தது. நமது கருத்தும் அவரது கருத்தும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஆயினும் அவரது நகைச்சுவை எந்த இடத்தில் உயர்ந்தது என்பதை நேர்மையாகக் கூறுவது விமரிசனத்தின் கடமை.

அது உயர்ந்த இடம் ‘என் இனிய இயந்திரா’. இயந்திர நாய் ஜீனோவை நினைவில் வைத்திருப்போர் பலர். அது புத்தகம் படிக்கும், குறுக்குக் கேள்வி கேட்கும், எதிர்த்து வாதிடும். ஆனால் அந்த நாய் எத்தகைய நாட்டில் குரைக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. குழந்தை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். மனிதரின் பெயர் இரண்டெழுத்துக்குள் அடங்க வேண்டும். யாவருக்கும் மேலே ஜீவா என்ற தலைவன். அத்தலைவன் வெறும் ஒளிப்பிம்பம் என்பது கதையின் போக்கில் வெளிப்படுகிறது. பிம்பத்தைக் கண்டு நாடே நடுங்க, பிம்பத்தை இயக்குவோர் மறைவில் நிற்கின்றனர். நாயின் வேடிக்கைப் பேச்சு வாசகனை உள்ளே அழைத்துச் செல்லும் வாசல். உள்ளே காத்திருப்பதோ அதிகாரத்தைப் பற்றிய கேள்வி. சுஜாதாவின் வழித்தோன்றல்கள் எனப்படுவோர் வாசலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டார்கள். அவர்களிடம் ஜீனோ உண்டு; ஜீவா இல்லை.

இனி இரண்டாவது சிரிப்புக்கு வருவோம். வலை பொத்திய அம்மனிதரின் கேள்வி ஏன் சிரிப்பை எழுப்பியது என்பது வெளியூர் வாசகருக்கு விளங்காதிருக்கலாம்.

ஒலுவிலில் ஒரு துறைமுகம் வேண்டும் என்பது, 2000ஆம் ஆண்டில் மறைந்த துறைமுக அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் காலத்திலேயே எழுந்த கனவு. கட்டுமானம் 2008இல் தொடங்கிற்று. டென்மார்க்கிலிருந்து கடன் வந்தது. பொறியியல் அறிவும் அங்கிருந்தே வந்தது. 2013 செப்டம்பர் 1ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ அதனைத் திறந்துவைத்தார். கொடிகள் பறந்தன, கிழக்கின் தலைவிதி மாறிவிட்டது என்று பேசப்பட்டது. கிழக்கின் தலைவிதி இருக்கட்டும். முதலில் மாறியது மணலின் வழி.

நமது கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலையும் நீரோட்டமும் அதை ஆண்டு முழுதும் அங்குமிங்கும் இழுக்கும். கணக்கை முடித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே செல்வதே அதிகம். இந்த வழிப்போக்கனின் பாதைக்குக் குறுக்கே கல்லணையை நீட்டினால் என்ன நிகழும்? தெற்கே மணல் குவியும், துறைமுகத்தின் வாயை அடைக்கும். வடக்கே, வரவேண்டிய மணல் வராமையால், கடல் கரையைத் தின்னும். இரண்டுமே நிகழ்ந்தன. துறைமுக வாயில் தூர்ந்து படகுகள் உள்ளும் புறமும் செல்ல வழியின்றித் தவித்த காலங்கள் வந்தன. ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, காணிகள் கடலாயின. வாயைத் தோண்டு என்று படகுக்காரர் கேட்டனர். கரையைக் காப்பாற்று என்று காணிக்காரர் கேட்டனர். ஒரே ஊரின் இரு பகுதியினர், ஒரே மணலுக்காக எதிரெதிரே நிற்கும்படி ஆயிற்று.

தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே சேர்ப்பது உலகில் பல துறைமுகங்கள் அறிந்த முறை. ஆகவே இங்கே தோற்றது விஞ்ஞானம் என்று கூறுவது தவறு. திறப்பு விழாவோடு விஞ்ஞானம் முடிந்துவிட்டது என்று எண்ணிய மனப்பான்மையே தோற்றது. கருவி வெளியாகும் நாளை மட்டும் செய்தியாகக் கொண்டு, அதன் பின்னர் அதற்கும் மக்களுக்கும் நேர்வதைச் செய்தியாகவே கருதாத பத்திரிகை மனப்பான்மையும் அதன் உடன்பிறப்பே. புதிய தொலைபேசிக்கு எழுதப்படும் ‘அசத்தல் அறிமுக’த்துக்கும் துறைமுகத் திறப்பு விழாச் செய்திக்கும் இடையே பெயர்களை மாற்றி வைத்தால் வேறுபாடு தெரியுமா என்று வாசகர் சோதித்துப் பார்க்கட்டும்.

மணலைத் தொலைபேசி காட்டுமா என்று கேட்டவர் இத்தனையையும் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். அவரது நகைச்சுவைக்கு இலக்கு இருந்தது. தன்னைவிட எளியவர் எவரையும் அது தொடவில்லை.

இயந்திரக் கேலி இலக்குத் தவறும்போது இழப்பு வெறும் இரசனையின் இழப்பு என்று எண்ணிவிடலாகாது. நமது மாவட்டம் அதற்குக் கொடுத்த விலை வேறு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் கறியில் கிடந்த கட்டிகளை மலட்டு மாத்திரை என்று சிலர் கூச்சலிட்டனர். கூச்சல் முகநூலில் ஏறிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் கண்டி மாவட்டம் எரிந்தது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடுத்து, ஒரு வாரத்துக்குப் பின்னரே திறந்தது. அந்தக் கட்டிகள் வெறும் மாவுக் கட்டிகளே என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் அறிவித்தபோது, சாம்பல் ஆறியிருந்தது. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம், தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது. வேகமாகச் செல், செல்லும்போது உடைந்தால் உடையட்டும் என்பது ஒரு காலத்தில் அந்நிறுவனத்தார் தம் சுவர்களில் எழுதிவைத்திருந்த மந்திரம். உடைந்தவை யாருடைய கண்ணாடிகள் என்பதை அம்பாறை அறியும்.

வட்ஸ்அப்பில் வருவதை நம்பும் பாட்டாவை நினைவுகூர்வோம். அவரைப் பற்றிய பகடிக்கு நாம் சிரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அவரைவிட நன்கு படித்த இளைஞர்கள் மாவை மருந்தென்று நம்பித் தெருவுக்கு வந்தார்கள். பொய் பரவுவதில் ஆதாயம் காணும் அமைப்பை நோக்கி எழவேண்டிய கேலி, பாட்டாவின் மூக்குக் கண்ணாடியோடு நின்றுவிட்டது.

கணினியே உயிரென வாழும் இளைஞர் கூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறுவோம். ஆங்கிலத்தில் இவர்களைக் ‘கீக்’ என்கிறார்கள். கேலியாகத் தொடங்கிய சொல் இன்று பெருமையாகிவிட்டது. தமிழில் இவர்களைக் கணினிப் பித்தர் எனலாம். பித்தர் என்பது நம் மொழியில் இழிசொல் அன்று. இறைவனுக்கே அப்பெயர் சூட்டியவர் நம் முன்னோர். நமது முஸ்லிம் ஊர்களில் ‘மஸ்தான்’ என்ற சொல்லும் அதே பொருளுடன் மரியாதை பெற்றிருக்கிறது. இந்தப் பித்தரின் தொண்டு சிறிதன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிற்று. 2003இல் மயூரநாதன் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டார். 2005இல் தோன்றிய நூலகம் திட்டம், எரிந்ததும் செல்லரித்ததும் போக எஞ்சிய ஈழத்து ஏடுகளை யாவரும் படிக்க வைத்தது. இவர்களுட் பெரும்பாலோர் கூலி கேளாமல், இரவு விழித்து உழைத்தவர்கள். எழுத்துருக் குழப்பத்தைப் பற்றியும் கலைச்சொற் சண்டையைப் பற்றியும் அவர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் பகடிகள், கைக்கருவியை நன்கறிந்த தொழிலாளி அதைத் திட்டுவது போன்றவை. அத்திட்டில் அன்பும் உண்டு, அறிவும் உண்டு. கருவியை வாங்குவதால் மட்டும் தன்னைப் பித்தன் என்று அழைத்துக்கொள்பவனுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு, கடைக்காரனுக்கும் கொல்லனுக்கும் உள்ள வேறுபாடு.

எனினும் பித்தரிடமும் ஒரு குறை காண்கிறோம். திரைக்குள் நிகழ்வதே தொழில்நுட்பம் என்று அவர்களுட் பலர் எண்ணுகின்றனர். கல்லணையும் மணல் தோண்டும் கப்பலும் கரைவலையும் அவர்களுடைய உலகில் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் துறைமுகமும் ஒரே கடற்காற்றை மூச்சுவிடுகின்றன. இங்கே கணினி கற்கும் இளைஞன் மணலின் நடையையும் ஒரு செய்தியாகக் காணும் நாளில், நமது தொழில்நுட்ப எழுத்து வயதுக்கு வரும்.

நகைச்சுவை வேண்டாம் என்று கூறுவது நமது கருத்தன்று. கண்ணீரால் மட்டும் எழுதப்படும் முற்போக்கு எழுத்தை நாமே சலிப்போடு மூடிவைத்ததுண்டு. நாம் வேண்டுவது, சிரிப்பதற்கு முன் எழுத்தாளன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, இந்தப் பகடியின் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே.

சிறுநீரகப் பகடியை வாசித்த மாணவன் மறுவாரம் கட்டுரைப் பயிற்சிக்கு ஒரு ‘தொழில்நுட்பச் செய்தி’ எழுதிவந்தான். தலைப்பு: ‘ஒலுவிலில் அசத்தலான புதிய வசதி!’ செய்தி இரண்டே வரி: இனிக் கடலைத் தேடிப் படகில் போகவேண்டியதில்லை, கடலே உங்கள் வீடு தேடி வரும், கட்டணம் உங்கள் தென்னந்தோட்டம் மட்டுமே. எழுத்துப் பிழை இரண்டு இருந்தன. திருத்திவிட்டு, வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னோம். கடலோரத்து வீட்டுப் பிள்ளைகளே முதலில் சிரித்தார்கள்.